காத்ரினுக்கு எந்தத் தமிழ் சி.டி.?

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் காத்ரின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றுக்கொள்ள ஒரு சி.டி. வாங்கப்போகிறாளாம், அங்கே இரண்டு மூன்று விதம் கிடைக்கிறதாம், எதை வாங்கட்டும் என்று தன் இங்கிலீஷில் வார்த்தை வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள். என் இங்கிலீஷ் ஷேடு, சைஸ், ஷிப்மெண்ட் என்பதோடு முடிந்துவிடும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் புரிந்தது. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போன் உன் கைக்கு வந்துவிட்டது. "சி.டி.யெல்லாம் எதுக்குங்கப்பா, அதுதான் நான் இருக்கறேனே?" என்று சிரித்தாய். அவளிடமும் ஜெர்மனில் அதையே சொன்னாய். அந்த அளவுக்கு எனக்கு இப்போது புரிகிறது. அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாளும் போனை எடுத்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் பந்தல்காரர் வந்து போனார், பத்திரிகை அச்சாகிவிட்டது என்று ஏதேதோ பேசி வைத்துவிட்டேன். எதிரில் நின்றால் உன் முகத்தைப் பார்த்து இளகிவிடுகிறேன், போனில் என்றால் நீ குறுக்கே புகுந்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நம் சட்டைக் காலர் சாம்பிள் அனுப்புகிற கூரியரிலேயே இதையும் அனுப்புகிறேன், நீங்கள் இரண்டு பேரும் ஜெர்மனியிலிருந்து கிளம்புவதற்கு முன் கையில் கிடைத்துவிடும். அவளுடைய அப்பா இங்கே வந்திருந்தபோது மாடி அறையில் என்ன நடந்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான்.

அவள் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா அவளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் இங்கயே இருந்துக்குவியா கண்ணு?" என்று கேட்டாள். நீ ஜெர்மனில் சொன்னாய். அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பேசினாள். கையை ஆட்டி, ஜன்னல் பக்கம் காட்டி, நடுவில் ஒரு தடவை குரல் இறங்கி, முகமெல்லாம் சிவந்து பேசினாள். உன் அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அவள் முடித்ததும் நீ எங்கள் பக்கம் திரும்பி, "சரிங்கறாம்மா" என்றாய். அவ்வளவு பேச்சுக்கும் ஒரே வார்த்தை. உன் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

ஏனென்றால் அந்த மொழிபெயர்ப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அருள்புரத்தில் பனியன் சட்டைகளுக்குக் காலர் பின்னிக் கொடுப்பதோடு நிற்காமல் நானே நேரடியாக ஒரு ஆர்டர் எடுத்தேன். நடுவில் ஒரு ஏஜெண்ட். ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கி நீளமாகப் பேசினார். ஏஜெண்ட் என்னிடம், "ஓகேங்கறாருங்க" என்றான். சட்டைக்கும் காலருக்கும் நிறத்தில் ஷேடு சேராவிட்டால் அனுப்பவே வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைச் சரக்கு போய்த் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏஜெண்ட் கெட்டவன் இல்லை. உள்ளதைச் சொன்னால் ஆர்டர் கை நழுவிவிடுமோ என்று பயந்தவன். நீயும் பொய்க்காரன் இல்லை சாமி. அதே பயம்தான் உனக்கும். ஆனால் திரும்பி வந்த சரக்கை நான் மறுபடி பிரித்துப் பின்னினேன். ஒரு பொண்ணின் வாழ்க்கையை அப்படிப் பிரித்துப் பின்ன முடியாது.

அதனால் நானே அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்திருப்பாய். வகுப்புக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, இந்த வயதில் பெஞ்சில் உட்கார வெட்கமும் விடவில்லை. கோயமுத்தூரில் ஒரு கடையில் கேட்டுப் படிக்கிற சி.டி. இருக்கிறது என்றார்கள். போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டும் காட்டினார். முதலாவது தமிழ் வழியாகச் சொல்லிக் கொடுப்பது. அதில் பேசுகிறவர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேரை அறிவிப்பவர்போல மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார், கேட்பவன் வாயைத் திறக்க இடமே இல்லை. இரண்டாவது நல்ல தயாரிப்பு, பின்னணியில் பாட்டெல்லாம் இருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது கடைக்காரரே ஒன்று சொன்னார். "அந்தப் பாஷையிலயும் நம்மளையாட்டமே நீ வேற, நீங்க வேறங்க. இது காலேஜ் பசங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறது. முழுக்க நீ, வா, போ, இதுதானுங்க."

எனக்குப் பகீர் என்றது. பொண்ணைப் பெற்றவரைப் போய் நீ வா போ என்று பேசுவதா? நான் வீட்டு நாயைக்கூட அப்படி அதட்டியதில்லை. "ஏனுங்க, மரியாதை இருக்கற சி.டி. ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்றாவதை நகர்த்தினார். அது அந்த நாட்டில் ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்காகப் போட்டது. அதில் ஒருவரும் ஒருவரையும் நீ என்பதே இல்லை. எல்லாம் நீங்கள், தயவுசெய்து, நல்வரவு. ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, நாம் திருப்பிச் சொல்வதற்காக அந்தக் குரல் காத்திருந்தது. அதையே வாங்கிவிட்டேன். மரியாதையை மட்டும் பார்த்தேன், விஷயத்தைப் பார்க்கவில்லை. அதில் அறை இருக்கிறது, சாவி இருக்கிறது, காலை உணவு இருக்கிறது, கல்யாணம் இல்லை. முடியாது என்று சொல்லவும் அதில் வழியில்லை. ஓட்டல்காரன் விருந்தாளியிடம் எங்கே முடியாது என்று சொல்லப்போகிறான்?

டி.வி.க்குக் கீழே இருக்கிற பிளேயரில் தினமும் காலையில் போட்டுக் கேட்டேன். பாதி வாக்கியத்தில் கரண்ட் போய்விடும், மறுபடி வரும்போது முதலிலிருந்து நல்வரவு என்பான். ஆமாம் என்பதற்கு வெறும் "யா" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதருக்கு மொட்டையாக யா என்றால் அடித்ததுபோல இருந்தது. "யாங்க" என்றுதான் வந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து, "ஏனுங்க, ஜெர்மன்காரனுக்குமா ங்க போடறீங்க?" என்று சிரித்தாள். சிரித்தவள் நின்ற இடத்திலிருந்தே என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். நான் தடுமாறுகிற இடத்தில் பதில் அங்கிருந்து வரும். ஒரு நாள் பால்காரர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, இல்லை என்பதற்கு அவர்கள் சொல்கிற நைனோடு நம் ங்கவைச் சேர்த்து, "நைனுங்க" என்று சொல்லி அவரைத் திகைக்க வைத்தாள். உனக்குத் தெரியாமல் நம் வீட்டில் நடந்த காரியம் இது.

அப்புறம் காத்ரினுடைய அப்பா வந்தார். தாயில்லாமல் அவளைத் தனியாக வளர்த்த மனிதர், தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டையும் மனிதர்களையும் நேரில் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்றார். அவர் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று அவள் உன்னிடமே சொல்லிவிட்டாள். அதனால் அந்த நாட்களில் நீ இருந்த இருப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அவர் எதைப் பார்த்தாலும் நீ முந்திக்கொண்டு விளக்கம் சொன்னாய். அவர் எங்களைக் கேட்டதற்கெல்லாம் நீயே பதில் சொன்னாய். இரண்டாம் நாள் சாப்பிடும்போது அவர் என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார். அதில் இரண்டு வார்த்தைகள் எனக்குப் பிடிபட்டன. ஒன்று மகள். இன்னொன்று வேலை. என் பொண்ணு இங்கே வேலைக்குப் போகலாமா என்பதுபோல ஏதோ கேட்கிறார். நீ அவருக்குச் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "சாப்பாடு நல்லா இருக்குதுங்கறாருங்கப்பா" என்றாய்.

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிட்டது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த இரண்டு வார்த்தைகள் தெரியும். அந்த மனிதர் என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நானோ சாப்பாட்டைப் புகழ்ந்த விருந்தாளிக்குச் சிரிப்பதுபோல சிரிக்க வேண்டியிருக்கிறது. சபையில் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. சிரித்தேன். தன் மகளைப் பற்றிக் கேட்டதற்கு ஒருவன் இளிக்கிறானே என்று அவர் நினைத்திருப்பார். அதோடு அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த நாள் காலையில், சீக்கிரமே ஊருக்குப் போக வேண்டும், டிக்கெட்டை மாற்றிக் கொடு என்று காத்ரினிடம் சொல்லிவிட்டார். அவள் கண் வீங்கியிருந்தது. நீ பித்துப் பிடித்தவன்போல வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாய். டிக்கெட்டுக்காக நீங்கள் இரண்டு பேரும் கோயமுத்தூர் கிளம்பும்போது நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? பிளேயரில் கிடந்த சி.டி.யை அன்றைக்குத்தான் பார்த்திருந்தாய். "இந்த ஓட்டல் ஜெர்மனை எடுத்து அவருகிட்ட விட்றாதீங்கப்பா. காரியமே கெட்டுரும். நான் வந்து பேசிக்கறேன்." சரி என்று தலையாட்டினேன். ஆனால் உன் கார் தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ வந்து பேசினால் அவர் போய்விடுவார்.

அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் இரண்டு பேருக்காகக் கட்டிய அறை, பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். சொல்ல நினைத்ததற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இருந்ததெல்லாம் ஓட்டல்தான். கடைசியில் அதையே சொன்னேன். "நல்வரவு. இது உங்கள் மகளின் அறை." அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வந்ததிலிருந்து அவருடைய பாஷையில் நான் வாய் திறந்ததே இல்லை அல்லவா. ஜன்னலைத் திறந்து, "அறை மிகவும் அமைதியானது" என்றேன். கீழே நம் காலர் மிஷின்கள் அத்தனையும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் காதில் கையை வைத்துக் கேட்டார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் தொழில் புத்தியில் குனிந்து விரலை மடக்கித் தரையைத் தட்டினார். ஒரு டைல் மட்டும் பொத்தென்று சத்தம் கொடுத்தது. புகார் சொல்கிற விருந்தாளிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. "மன்னியுங்கள், உடனே சரிசெய்கிறோம்" என்றேன். மறுபடியும் சிரித்தார். காலை உணவு சேர்த்தி என்றேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம் என்றேன். என்ன சொல்ல வருகிறேன் என்று அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. அவர் நிமிர்ந்து என் எதிரில் வந்து நின்று, எனக்குப் புரிய வேண்டும் என்றே மெதுவாக, என் ஓட்டல் பாஷையிலேயே ஒரு கேள்வி கேட்டார். அதில் அப்ரைசன் என்று ஒரு வார்த்தை வந்தது. விருந்தாளி அறையைக் காலி செய்துகொண்டு புறப்படுவதற்கு அவர்கள் சொல்வது. காத்ரின் அப்ரைசன் செய்ய விரும்பினால்?

தெரியாததுபோல நின்றுவிடலாம், சி.டி. ஜெர்மன்தானே என்று அவரும் விட்டுவிடுவார். ஆனால் தெரிந்துவிட்டதே. நம் பக்கம் பொண்ணு கேட்டுப் போகிறவர்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. உன் அக்காவைக் கட்டிக் கொடுத்தபோது நான் கேட்டேனா? இனிமேல் அதுதான் உன்ற ஊடு என்று சொல்லி அனுப்பினேன். இந்த மனிதர் கேட்கிறார். கேட்கத் தோன்றியதே, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. பாடத்தில் இதற்குப் பதில் உண்டு. "உங்களுக்கு டாக்ஸி வரவழைக்கிறேன்." அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நம் வீட்டுப் பொண்ணையா டாக்ஸி வைத்து அனுப்புவது?

உன் அம்மா காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்றே நான் கவனிக்கவில்லை. அவள் தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவரிடம் சொன்னாள். "டாக்ஸி நைனுங்க." பிறகு என்னைக் காட்டி, பாடத்தில் அறைக்கு வருகிற பெண் விருந்தாளி சொல்கிற வாக்கியம் ஒன்று, அதைச் சொன்னாள். "என் கணவர் வருவார்." இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்புவதுபோலக் காட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். உன் அம்மா என்னிடம் தமிழில், "சொல்லுங்க. மனசார சொல்லுங்க. இல்லாட்டி சொல்லாதீங்க" என்றாள். நான் ஆமாம் என்றேன், அவருடைய பாஷையில். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் சிமெண்ட் காய்ப்பு. நீங்கள் திரும்பி வந்தபோது அவர் மூன்றாவது தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மாற்றிய டிக்கெட்டை மறுபடி மாற்ற வேண்டும் என்றார், சம்மதம் என்றார். காரியம் எப்படி முடிந்தது என்று உனக்கு இப்போது தெரியும்.

இனி சி.டி. விஷயம். அவள் வாங்க வேண்டும், நீ தடுக்கக் கூடாது. வேகமாகக் கற்றுத் தருவதாகச் சொல்வதை எடுக்க வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டுக் காத்திருக்கிற சி.டி.யாக எடுக்கச் சொல். புத்தகத் தமிழாக இருந்தாலும் பரவாயில்லை, உன் அத்தைமார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நம் ஊர்ப் பேச்சை உன் அம்மா அடுப்படியில் சொல்லிக் கொடுத்துக்கொள்வாள். என்னைப்போல மரியாதையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். வேண்டாம், முடியாது, எனக்குப் பிடிக்கவில்லை, இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். நீ பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அவள் இந்த வீட்டில் வாய் திறந்து பேச வேண்டும். அன்றைக்கு இலையில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் என்ன சொன்னாள் என்று ஒரு நாள் நானே அவளிடம் தமிழில் கேட்பேன். இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துச் சொல். சுருக்காமல் சொல். மாடியில் நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்று அவளுக்கும் தெரிய வேண்டும்.

உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இதை எழுதவில்லை. அவள் சந்தோஷமாக இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், அப்படியே இருக்கட்டும் என்று கும்பிடுகிறேன். ஆனால் வாக்கு வாக்குதான். என்றைக்காவது அவள் என் முன்னால் வந்து நின்று போக வேண்டும் என்று சொன்னால், எந்தப் பாஷையில் சொன்னாலும், ஏன் என்று கேட்க மாட்டேன், உன்னையும் கேட்க மாட்டேன். பெட்டியை நானே தூக்கி வைத்து காரை எடுப்பேன். நீ பின்னால் ஓடி வந்தாலும் நிறுத்த மாட்டேன். அவளை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, உள்ளே போகிறவரை நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். நீ என் பையன், உன்னோடு உட்கார்ந்து நானும் அழுவேன். ஆனால் முதலில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வருவேன்.

அப்பா